இரவுக்கு ஒரு கிண்ணம் போதும்

கொங்கு நாட்டு வீடுகள் பலவற்றில் வேலைநாள் இரவுக்கு என்ன சமைப்பது என்று யாரும் நெடுநேரம் யோசிப்பதில்லை. அரிசிம்பருப்பு. ஒரு டம்ளர் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி. குக்கரில் எண்ணெய் விட்டு, கடுகும் சீரகமும் பொரிந்ததும் வரமிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு, தக்காளி என வரிசையாக வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, களைந்த அரிசி பருப்பைக் கொட்டி, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் மூன்று விசிலில் வேலை முடிந்தது. மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் சுட்ட அப்பளம், கடைசிக்குக் கொஞ்சம் தயிர். அரை மணி நேரத்தில் சாப்பாடு தயார். கழுவுவதற்கு ஒரு குக்கரும் நாலு தட்டும்.

இத்தனை நல்ல சாப்பாட்டுக்கு உரிய மரியாதை மட்டும் கிடைப்பதில்லை. “இன்னைக்கு ஒண்ணும் முடியல, அரிசிம்பருப்புதான் வெச்சேன்” என்று சமைத்தவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். சாப்பிட வந்தவரும் “தொட்டுக்க என்ன?” என்று அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கிறார். சோறு தனி, குழம்பு தனி, ரசம் தனி, பொரியல் தனி என்று நாலு பாத்திரம் இறங்கினால்தான் முழுச் சாப்பாடு என்ற கணக்கு தமிழ் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கும் விசேஷ நாளுக்கும் அந்தக் கணக்கு இருக்கட்டும். வேலைநாள் இரவுக்கு அது பொருந்தாது. தானியம், பருப்பு, காய், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மொறுமொறுப்பு என எல்லாமே ஒரு கிண்ணத்துக்குள் வந்துவிட்டால் அதையே நிறைவான சாப்பாடாக ஏற்றுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

இது சுவை பற்றிய விவாதம் என்பதற்கு முன்னால் நேரம் பற்றிய விவாதம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். 2019-இல் நடந்த முந்தைய ஆய்வில் 299, 97 என்று இருந்தன. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்கள் தரப்பிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்த 289 நிமிடத்தில் எவ்வளவு இரவுச் சமையலுக்குப் போகிறது என்பதை ஆலைப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் ஏழு மணிக்கு வீடு திரும்பும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வார்.

இரவுச் சமையல் கடினமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் ஓர் ஆலோசனை தமிழ்நாடு முழுக்கப் பரவியது: “ராத்திரியில் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள்.” சர்க்கரை நோய் வந்தவருக்குச் சொல்லப்பட்டது, பிறகு உடம்பு இளைக்க நினைப்பவருக்கும், கடைசியில் எல்லோருக்கும் என்றாகிவிட்டது. மாவு பிசைந்து, ஊறவைத்து, உருட்டி, தேய்த்து, ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டு எடுத்து, அதற்கென்று ஒரு குருமா வைத்து முடிக்கும்போது மணி ஒன்பது தாண்டுகிறது. நாலு பேர் வீட்டில் பன்னிரண்டு சப்பாத்தி. அத்தனையையும் தேய்க்கும் கைகள் பெரும்பாலும் ஒருவருடையவை.

அந்த உழைப்புக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பட்டை தீட்டிய அரிசியில் 356 கிலோ கலோரி, ஏறத்தாழ 8 கிராம் புரதம், 3 கிராமுக்கும் குறைவான நார்ச்சத்து. 100 கிராம் கோதுமை மாவில் 320 கிலோ கலோரி, பத்தரை கிராம் புரதம், 11 கிராம் நார்ச்சத்து. கோதுமைக்குச் சாதகம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் மூன்று சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு மசாலா தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர், மாவுச்சத்தோடு மாவுச்சத்தைத்தான் சேர்த்துக்கொள்கிறார். தட்டில் பருப்பும் இல்லை, பச்சைக் காயும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ‘இன்டியாப்’ ஆய்வு, 2023-இல் இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணித்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்றது அது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் இருந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசி இருந்த இடத்தில் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைக்கும்போதுதான் அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. எந்தத் தானியம் என்ற கேள்வியைவிட எவ்வளவு தானியம், அதோடு என்ன என்ற கேள்வி பெரியது என்பதே இதன் பொருள். நாம் இரவு நேரத்தில் பல ஆண்டுகளாகத் தவறான கேள்விக்காக மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சரியான கேள்விக்கு ஒரு நல்ல விடையும் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: தானியமும் சிறுதானியமும் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், கீரையோடு சேர்த்துக் காய்கள் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம். மீன், முட்டை, இறைச்சி சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பகுதியை அவற்றால் ஈடுகட்டிக்கொள்ளலாம். இதில் 250-க்கு 85 என்பது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கோயம்புத்தூர்ப் பாட்டிகள் டம்ளரால் அளந்து போட்ட அரிசிம்பருப்பின் கணக்கும் மூன்றுக்கு ஒன்றுதான்! எந்த ஆய்வகமும் சொல்லாமலேயே அந்த விகிதத்தை அவர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள்.

அரிசிம்பருப்பில் இல்லாதது காய். ஒரு நாளுக்கு 400 கிராம் என்றால் ஒரு வேளைக்கு 130 கிராமுக்கு மேல். நாலு பேருக்கு அரை கிலோ. வெங்காயமும் தக்காளியும் மட்டும் அதை நிரப்பாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி திருநெல்வேலியில் இருக்கிறது. அங்கே கூட்டாஞ்சோறு என்றால் அரிசியும் துவரம்பருப்பும் வேகும் பாத்திரத்திலேயே முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் போகும். தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயத்தைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்ப்பார்கள். புளித்தண்ணீர் அளவாக. இறக்கும் நேரத்தில் ஒரு கை முருங்கைக்கீரை. வடகத்தைப் பொரித்து மேலே தாளித்துக் கொட்டினால் அந்த மணம் தெருமுனை வரைக்கும் வரும். தானியம், பருப்பு, நாலு வகைக் காய், கீரை, புளிப்பு, மொறுமொறுப்பு என எதுவும் விடுபடவில்லை. காயின் அளவு அரிசியின் அளவை எட்டும் வரை கூட்டிக்கொண்டே போனாலும் இதன் சுவை கெடாது என்பதுதான் கூட்டாஞ்சோற்றின் பெருமை. தமிழ்நாட்டில் வேலைநாள் இரவுக்கு ஓர் உணவைத் தேர்ந்தெடுத்துப் பரப்ப வேண்டுமென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தானியத்தையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து உண்பது இந்தத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. 14-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி இபின் பதூதா, அரிசியையும் பயறையும் சேர்த்துச் சமைத்து நெய்விட்டு உண்ணும் கிச்சடியைக் குறிப்பிட்டிருக்கிறார். எகிப்தின் கெய்ரோ நகரத் தெருக்களில் விற்கும் ‘கோஷரி’க்கு இந்தக் கிச்சடிதான் மூலம் என்று உணவு வரலாற்றை ஆராய்பவர்கள் பலர் கருதுகிறார்கள். அரிசி, மசூர்ப்பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில். மேலே தக்காளிச் சாறு, பூண்டு போட்ட வினிகர், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம். கெய்ரோவில் கூலித்தொழிலாளியும் அலுவலகக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதைச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் ஆழமான கிண்ணத்தில் சோற்றைப் போட்டு மேலே இறைச்சியையோ முட்டையையோ பரப்பித் தருவது அன்றாட உணவு. அதை விற்கும் யோஷினோயா நிறுவனம் 1899-இல் டோக்கியோ மீன் சந்தைக்குள், நேரமில்லாத சந்தைத் தொழிலாளிகளை நம்பித்தான் தொடங்கியது. கொரியாவின் பிபிம்பாப்பில் சோற்றின் மேல் ஐந்தாறு காய்களைத் தனித்தனிக் குவியலாக வைத்து, மிளகாய் விழுதோடு உண்பவரே கலந்துகொள்கிறார்.

அமெரிக்க நகரங்களில் இந்த வடிவம் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிய வணிகமாகிவிட்டது. 2007-இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் மூன்று இளம் பட்டதாரிகள் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய ‘ஸ்வீட்கிரீன்’ இன்று பல மாநிலங்களில் கிளை பரப்பியிருக்கிறது. அதன் சாயலில் சென்னை உணவகங்களும் கினோவாவும் அவகாடோவும் போட்ட கிண்ணங்களை விற்கின்றன. ஆண்டீஸ் மலையில் விளையும் கினோவா நல்ல தானியம்தான். ஆனால் விழுப்புரத்திலோ விருதுநகரிலோ ஒரு குடும்பம் நன்றாகச் சாப்பிட அது தேவையில்லை. அந்தக் கடைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது: எல்லாவற்றையும் முன்கூட்டியே தனித்தனியாகத் தயார் செய்துவைத்து, சாப்பிடும் நேரத்தில் சேர்க்கும் முறை.

இந்த முறை வீட்டுக்குள் வந்தால் ஒரு பெரிய சிக்கல் தீரும். இன்றைய குடும்பத்தில் ஒரே வயிறு என்பது கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை. பாட்டிக்குப் பல் இல்லை, குழைய வேண்டும். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பசி அடங்காது. சின்னவளுக்குக் காரம் ஆகாது. நாலு பேருக்கு நாலு சமையல் என்று ஒரு பெண் அடுப்பில் வெந்துகொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பாகங்கள் தனித்தனியாக இருந்தால் சமையல் ஒன்றுதான், கிண்ணங்கள் மட்டும் நாலு. அப்பாவின் கிண்ணத்தில் தானியம் அரைக் கரண்டி, காயும் பயறும் இரண்டு மடங்கு. பையனுக்கு இன்னொரு கரண்டி சோறும் ஒரு முட்டையும். பாட்டிக்கு அதே பருப்பும் சோறும் மசித்து, நெய்விட்டு. சின்னவளுக்கு மிளகாய்ப்பொடிக்குப் பதில் தயிர்.

நடைமுறை என்று வரும்போது நம் அடுப்பங்கரையில் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. குக்கருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குப் பாத்திரங்களில், கீழே பருப்போ பயறோ, மேலே தானியமோ வைத்து ஒரே நேரத்தில் இறக்கிவிடலாம். அது வேகும் பதினைந்து நிமிடத்தில் பக்கத்து அடுப்பில் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், புடலை என்று கையில் இருக்கும் ஏதோ ஒரு காயைக் கடுகு தாளித்து வதக்கினால் போதும். அதிகம் வதக்க வேண்டாம், பல்லில் கடிபடும் பதம்தான் கிண்ணத்துக்கு அழகு. வெள்ளரிக்காய், வெங்காயம், துருவிய மாங்காய் போன்றவற்றுக்கு அடுப்பே தேவையில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் கொண்டைக்கடலையையோ தட்டைப்பயற்றையோ தண்ணீரில் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் ஊறிவிடும். பச்சைப்பயறு ஊறாமலே வேகும் என்பதால் மறந்துபோன நாளுக்கு அதுவே துணை. வாரத்தில் ஒருமுறை இரண்டு மடங்கு பயறு வேகவைத்துப் பாதியைப் பிரிட்ஜில் வைத்தால் இன்னொரு இரவுக்கு ஆகும். கூட்டாஞ்சோற்றுக்கான தேங்காய்ச் சீரக விழுதை ஞாயிறன்று அரைத்து, சிறு டப்பாக்களில் பிரீசரில் வைத்துக்கொள்ளலாம். வறுத்த வேர்க்கடலை, எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு ஆகிய ஐந்தில் எவையேனும் இரண்டு எப்போதும் அலமாரியில் இருந்தால் கிண்ணம் ஒருநாளும் சப்பென்று இருக்காது.

மீந்த சோற்றில் மட்டும் கவனம் வேண்டும். வெந்த அரிசியை வெளியில் மணிக்கணக்கில் விட்டால், வேகும் சூட்டையும் தாங்கி நிற்கும் ஒருவகை பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நச்சு போகாது. அடுத்த நாளுக்கு எடுத்துவைக்கும் தானியத்தை அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது.

இனிக் கிண்ணங்கள். சாமைச் சோறு, வேகவைத்த பச்சைப்பயறு, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய முருங்கைக்கீரை, அரை மூடி எலுமிச்சை, மேலே இடித்த வேர்க்கடலை. மழைநாள் என்றால் வரகுச் சோற்றின் மேல் மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டுக் கடைந்த கொள்ளுப்பருப்பு, பக்கத்தில் வதக்கிய சுரைக்காய், சுட்ட அப்பளத்தை நொறுக்கித் தூவி. கடலோர ஊர்களில் மதியம் வைத்த மீன் குழம்பு மிச்சம் இருக்கும். அதோடு கொஞ்சம் சோறு, நிறைய அவரைக்காய்ப் பொரியல், நறுக்கிய வெங்காயம் போதும். வெயில் காலத்துக்குக் குதிரைவாலியைக் குழைய வேகவைத்து, ஆறியபின் தயிர் ஊற்றி, வெள்ளரியும் துருவிய கேரட்டும் கொத்துமல்லியும் கலந்து, ஒரு கை வறுத்த நிலக்கடலை. இவற்றில் எதுவும் நாற்பது நிமிடத்தைத் தாண்டாது. சந்தையில் அன்று எது மலிவோ அந்தக் காயைப் போடலாம்.

சிறுதானியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியா முன்மொழிந்ததை ஏற்று ஐ.நா. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன்பிறகு கடைகளில் இவை கிடைப்பது எளிதாகியிருக்கிறது. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தும் வேலைநாள் இரவுக்கென்றே வாய்த்தவை. கால் மணி நேரம் ஊறினால், ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். சாமையில் 100 கிராமுக்கு 10 கிராம் புரதமும் ஏழரை கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு; அரிசியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான நார். கம்பும் சோளமும் அப்படியல்ல, ஊறவைத்து இடித்தோ நீண்ட நேரம் வேகவைத்தோதான் சோறாக்க வேண்டும். கேழ்வரகு களிக்கும் புட்டுக்கும் உரியது, கிண்ணத்துச் சோறாக அதை வற்புறுத்த வேண்டியதில்லை.

சிறுதானியங்கள் நம் தட்டிலிருந்து ஏன் போயின என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் சாமையும் தினையும் தலைமுறை தலைமுறையாக விளைந்தன. அவற்றின் உமி கடினமானது. உரலில் போட்டுக் குத்திக் குத்தி உமியை நீக்குவது பெண்களின் வேலை; முதுகொடியும் வேலை. ரேஷன் அரிசி மலைக்கு வந்தது, மரவள்ளி விவசாயத்தால் கையில் காசு வந்தது, உரல் ஓரமாகப் போயிற்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1990-களிலிருந்து செய்த பணிகளில் விதைகளைக் காப்பாற்றியதற்கு இணையாக முக்கியமானது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களில் நிறுவியது. குத்தும் பாரம் குறைந்தபிறகுதான் மீண்டும் சாமையை விதைப்பது பற்றிப் பேச முடிந்தது. நல்ல உணவு என்று எத்தனை மேடையில் புகழ்ந்தாலும், அதைச் செய்யும் கைகளுக்கு ஓய்வு தராத உணவு வீட்டில் நிலைப்பதில்லை என்பதற்குக் கொல்லிமலை கண்கண்ட சாட்சி.

அதே சமயம், சிறுதானியம் என்று பெயர் ஒட்டியதெல்லாம் நல்லது என்று நம்பிவிடக் கூடாது. வெள்ளை வெளேரென்று பட்டை தீட்டிய சாமையில் தவிடு போய்விட்டது, நாரும் அதோடு போயிற்று. சற்றே பழுப்பாக இருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பாதிக்கு மேல் மைதாவோ கோதுமை மாவோ கலந்த ‘சிறுதானிய நூடுல்ஸ்’, சர்க்கரை தூக்கலான ‘சிறுதானிய பிஸ்கட்’ போன்றவற்றின் உறையில் பின்பக்கம் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வாங்குவது வீண்செலவு. விலையும் ஒரு தடை. அரிசியைவிடச் சிறுதானியம் கூடுதல் விலைக்கு விற்கும்போது, வாரத்துக்கு ஐந்து நாள் சாமை சாப்பிடச் சொல்வது ஏழைக் குடும்பத்துக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அரிசியோடு மூன்றில் ஒரு பங்கு சாமை கலந்து வேகவைத்தாலும் போதும். அதுவும் முடியாவிட்டால் அரிசியே இருக்கட்டும். பயறும் காயும் கூடினால் கிண்ணத்தின் பெரும்பயன் கிடைத்துவிடும்.

ஒரு தட்டில் எல்லாம் கலந்துவிட்டால் தமிழ்ச் சாப்பாட்டின் வரிசையும் நயமும் அழிந்துபோகுமே என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம், மோர் என்று படிப்படியாகப் போகும் இலைச்சாப்பாடு ஒரு பெரும் கலை. ஆனால் அந்த வரிசை, வீட்டில் பகல் முழுக்க ஒருவர் சமையலுக்கென்றே இருந்த காலத்தின் வரிசை. இருவரும் வேலைக்குப் போய் ஏழரைக்குத் திரும்பும் வீட்டில் அதை இரவுதோறும் எதிர்பார்த்தால், நடப்பது இரண்டில் ஒன்று: ஒரு பெண்ணின் தூக்கம் குறையும், இல்லையென்றால் செயலியில் பரோட்டா வந்து சேரும். இரண்டுமே அந்தக் கலையைக் காப்பாற்றாது.

ஒரு கிண்ணச் சமையலுக்கு இன்னொரு பலம், அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். குழம்பின் பக்குவம் கைவர ஆண்டுகள் ஆகும். சப்பாத்தி வட்டமாக வரவும் பழக்கம் வேண்டும். அரிசிம்பருப்பைப் பதினான்கு வயதுப் பையன் இரண்டே தடவையில் பழகிவிடுவான். அப்பா முதலில் வீடு வந்தால் அவர் குக்கரை ஏற்றலாம், மகன் காய் நறுக்கலாம், அம்மா வந்து தாளித்தால் போதும், தாளிப்பையும் அவர்களே செய்துவிட்டால் இன்னும் நல்லது. “எனக்குச் சமைக்கத் தெரியாது” என்ற பதிலுக்கு இந்த உணவு இடம் கொடுப்பதில்லை. வீட்டு வேலைக்கு ஆண்கள் தரும் அந்த 88 நிமிடம் கூட வேண்டுமானால் இப்படிப்பட்ட சமையலிலிருந்துதான் தொடங்க முடியும்.

அரசின் அடுப்பங்கரைகளும் இதில் வழிகாட்டலாம். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஐந்து ரூபாய்க்கு விற்ற சாம்பார் சாதம், சுமை தூக்குபவரும் மருத்துவமனைக்கு வந்தவரும் நின்றுகொண்டே வயிறு நிரப்பிக்கொண்ட ஒரு கிண்ணச் சாப்பாடு. மாலையில் அங்கே மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி என்று வந்தபோது, இரவுக்குச் சப்பாத்திதான் என்ற எண்ணம் அங்கும் நுழைந்திருந்தது தெரிந்தது. அந்த மாலை நேரத்தில் காய் நிறைந்த கூட்டாஞ்சோற்றை அங்கே கொடுத்துப் பார்க்கலாம். அரசு நடத்தும் மாணவர் விடுதிகளிலும், வேலைபார்க்கும் பெண்களுக்கான தோழி விடுதிகளிலும் வாரத்தில் இரண்டு இரவாவது இதை வைக்கலாம். அங்கே பழகும் நாக்கு நாளை தன் வீட்டிலும் அதைக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ரேஷன் கடை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023-இல் தொடங்கியது வரவேற்க வேண்டிய முயற்சி. சாமை விளையும் கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பகுதிகளிலிருந்து அரசே கொள்முதல் செய்து சாமையையும் அப்படித் தரலாம். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளை மதிப்பதென்றால் முதலில் கூட்ட வேண்டியது பருப்பு. நாலு பேர் உள்ள குடும்பம், ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவில் இரவு ஒரு வேளைக்கு மட்டும் பருப்பு சேர்த்துக்கொண்டாலும் மாதத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் தேவைப்படும். மூன்று வேளைக்கும் என்றால் பத்து கிலோ. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கிலோ 30 ரூபாய் மானிய விலையில் துவரம்பருப்பு, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவை மூன்றாக்குவதும், துவரைக்கு மாற்றாகப் பச்சைப்பயறோ கொள்ளோ கேட்பவருக்கு அதைத் தருவதும் அடுத்த நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டும்.